நீலச் சுடரும் அடைபட்ட சன்னலும்

14 கிலோ கேஸ் தோம்பு ஒன்று எரிந்து தீர்வதற்குள் குசினிக் காற்றில் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கலந்துவிடுகிறது. கூடவே 42 கிலோ கரியமில வாயு. தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். அவற்றிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. கார்பன் கரியமில வாயுவாகிறது. பள்ளிக்கூட வேதியியல்தான். ஆனால் சுவரில் கரி படியவில்லை, கண் எரியவில்லை, சட்டியின் அடி கறுக்கவில்லை. அதனால் இந்த அடுப்பிலிருந்து எதுவுமே வெளிவருவதில்லை என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றிவிட்டது.

மாக் மண்டினிலும் அப்படித்தான். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை ஒட்டிய ஊர் இது. ஜார்ஜ்டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பெர்ரி ஏற வேண்டும், அல்லது பாலத்தைக் கடக்க வேண்டும். தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாகும் முன்பே, 1960களில், இங்கே தொழிற்பேட்டை வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி, தாமான் வீடுகள், அடுக்குமாடிகள், ஒட்டுக்கடைகள், தொழிற்சாலைகள், அவற்றுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் லோரிகள் என எல்லாம் அருகருகே.

இங்கே அடுப்பு என்றால் கேஸ் அடுப்புதான். குழாய் வழியாக வரும் கேஸ் இல்லை, தோம்பு. கடைக்கு ஒரு போன் போட்டால் போதும். கடைக்காரர் காலித் தோம்பை எடுத்துக்கொண்டு நிறை தோம்பை மாட்டிவிட்டுப் போவார். தீபகற்ப மலேசியாவில் வீட்டுக் கேஸின் விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு என்று அரசு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு, 12 கிலோ தோம்பு 22 வெள்ளி 80 காசு. வீடுவரை கொண்டுவந்து தருவதற்குக் கொஞ்சம் கூடுதல். மானியம் இல்லாவிட்டால் பெரிய தோம்புக்கு ஏறத்தாழ 70 வெள்ளி ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவில் இது எவ்வளவு பெரிய தாங்கல் என்று புரியும்.

இப்படிப் பழகிப்போன அடுப்பைப் பற்றித்தான் கொஞ்ச காலமாக உலகம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

2023 சனவரியில் அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், கேஸ் அடுப்பைப் பொறுத்தவரை தடை உட்பட எதையும் தள்ளிவைக்க முடியாது என்ற பொருளில் பேசினார். நாடே கொதித்தது. தடை போடும் திட்டம் இல்லை என்று ஆணையம் பிறகு விளக்கம் கொடுத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அமெரிக்கப் பிள்ளைகளின் ஆஸ்துமாவில் 12.7 விழுக்காட்டைக் கேஸ் அடுப்போடு தொடர்புபடுத்தலாம் என்ற ஆய்வு வெளியாகியிருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2024 தொடக்கத்திலிருந்து, திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்குக் கேஸ் இணைப்பை நிறுத்தியது. நெதர்லாந்து 2018லேயே அந்தப் பாதையில் போய்விட்டது.

இந்தச் செய்திகள் கைப்பேசி வழியாக மாக் மண்டினுக்கும் வந்து சேர்கின்றன. பயப்பட வேண்டுமா? அடுப்பை மாற்ற வேண்டுமா? அங்கே குளிர்காலத்துக்காக இறுக மூடிய வீடு, இங்கே வருடம் முழுக்க வெக்கை. அங்கே குழாய் கேஸ், இங்கே தோம்பு. அங்கே வாட்டிய இறைச்சி, இங்கே மீன் பொரியலும் மிளகாய் சம்பலும் கடுகுத் தாளிப்பும். அங்கே கிடைத்த முடிவை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அதற்காகக் காதில் போட்டுக்கொள்ளாமலும் இருக்க முடியாது.

சுடருக்குள் நடப்பது

நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயுவைச் சுற்றித்தான் பெரும்பாலான ஆய்வுகள் சுழல்கின்றன. இது கேஸுக்குள் இருக்கும் அழுக்கிலிருந்து வருவதில்லை. காற்றில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சுடரின் கடுஞ்சூட்டில் ஒன்றோடொன்று சேர்வதால் உண்டாகிறது. எவ்வளவு சுத்தமான கேஸை வாங்கினாலும் இது குறையாது. சுடர் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். மூச்சுக்குழாயை உறுத்தி, ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைத் தூண்டுவது இதன் குணம். லோரிகளின் டீசல் புகையிலும் இதே வாயு இருக்கிறது. தொழிற்பேட்டைச் சாலையோரம் வீடு இருப்பவர்களுக்கு வெளியிலிருந்தும் வருகிறது, உள்ளிருந்தும் வருகிறது.

இந்தச் சந்தேகம் புதியதும் அல்ல. 1977லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 5,658 பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்ததில், கேஸ் அடுப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் இருமலும் நெஞ்சுச்சளியும் மின் அடுப்பு வீட்டுப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகத் தென்பட்டன. 2013ல் 41 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பு, கேஸில் சமைக்கும் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 விழுக்காடு கூடுதல் என்றது.

அதே 2013ல் வேறொரு பெரிய ஆய்வு நேர்மாறாகப் பேசியது. 47 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கணக்கில் எடுத்த ஆய்வு அது. கேஸ் அடுப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. திறந்த நெருப்பில், அதாவது விறகும் கரியும் வைத்துச் சமைக்கும் வீடுகளில்தான் தொடர்பு தெரிந்தது.

2024ல் லான்செட் குழும இதழில் வந்த விரிவான மதிப்பாய்வு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. விறகு, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் கேஸ் நல்லது. மின்சாரத்தோடு ஒப்பிட்டால், நுரையீரல் அழற்சி, நாள்பட்ட மூச்சடைப்பு நோய் ஆகியவற்றின் வாய்ப்பு கேஸ் பக்கம் கொஞ்சம் கூடுதல். கேஸ் அடுப்பைப் பற்றி இன்றைக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது ஏறத்தாழ இவ்வளவுதான். விறகுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் நிற்கிறது அது, விறகைவிட மின்சாரத்துக்கு வெகு அருகில்.

இன்னொரு பொருள் பென்சீன். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உறுதிப்பட்ட ஒன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் 87 வீடுகளில் அளந்து 2023ல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் கேஸை மட்டுமன்றிப் புரோப்பேன் அடுப்புகளையும் அளந்ததால், தோம்பை நம்பியிருக்கும் ஊர்களுக்கும் அந்த முடிவு பொருந்தும். ஒரு பெரிய பர்னரை முழு வேகத்தில் எரியவிட்டாலோ ஓவனைச் சூடேற்றினாலோ, ஏறத்தாழ 30 விழுக்காட்டுச் சமையலறைகளில் பென்சீனின் அளவு பிறர் விடும் சிகரெட் புகையால் உண்டாகும் அளவைத் தாண்டியது. படுக்கையறைக்கும் அது பரவியது, அடுப்பை அணைத்துப் பல மணி நேரம் ஆன பின்னும் தங்கியது. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து பென்சீன் வெளிப்பட்டதாகக் கருவி எதையும் காட்டவில்லை.

லயத்து அடுப்பிலிருந்து

பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர் ரப்பர் தோட்டத்து லயங்களில் இருக்கிறது. அங்கே பால் வற்றி வெட்டிய ரப்பர் மரம்தான் விறகு. பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அதற்கும் பிறகு கேஸ். விடியுமுன் எழுந்து, புகையில் கண் கலங்கச் சமைத்துவிட்டுப் பால்வெட்டப் போன பாட்டிமாருக்குக் கேஸ் அடுப்பு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தத் தலைமுறையிடம் கேட்டால் தெரியும். விறகு பொறுக்க வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம், கரிப்பாத்திரம் தேய்க்க வேண்டாம்.

உலக அளவில் அந்த விடுதலை இன்னும் முடியவில்லை. திறந்த அடுப்பில் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் வைத்துச் சமைப்பவர்கள் ஏறத்தாழ 210 கோடிப் பேர். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தியா 2016ல் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி ஏழைப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு கொடுத்ததன் பின்னணி இதுதான்.

தமிழ்நாட்டில் இது தொடர்பாக ஒரு முக்கியமான சோதனை நடந்தது. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஹேப்பின் ஆய்வின் இந்தியக் களம் நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களில் இருந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அதை நடத்தியது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதங்களுக்குக் கேஸும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன; மறுபாதி வழக்கமான விறகு அடுப்பிலேயே சமைத்தார்கள். கேஸுக்கு மாறிய பெண்கள் மூச்சில் இழுத்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது: ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராமிலிருந்து 24க்கு.

ஆனால் எல்லாரும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தைகளுக்கு வந்த கடும் நிமோனியாவும் தெளிவாகக் குறையவில்லை. ஆய்வாளர்களே திகைத்த முடிவு இது. 24 மைக்ரோகிராம் என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் 5 மைக்ரோகிராம் வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டுப் புகையும் சாலைப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் அதே மூக்குக்குள்தான் போகின்றன.

அந்தக் கிராமங்களில் அடுப்பு மாறியது, சுற்றியிருந்த காற்று முழுதாக மாறவில்லை. மாக் மண்டினில் நடந்ததோ வேறு. அடுப்பு மாறியது. கூடவே குசினியும் மாறிவிட்டது.

பின்கட்டை மூடிய வீடுகள்

லயத்து வீட்டில் புகை இருந்தது, அதனால் புகை வெளியேற வழியும் இருந்தது. அடுப்பு பின்பக்கம், சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி, எந்நேரமும் திறந்த கதவு. கேஸ் வந்தபின், புகையே இல்லாத அடுப்புக்குப் புகைபோக்கி எதற்கு என்ற எண்ணம் வந்தது. தாமான் வீடுகளில் முதலில் செய்யும் புதுப்பிப்பு வேலை பின்பக்க முற்றத்தைக் கூரை போட்டு மூடிக் குசினியைப் பெரிதாக்குவது. பின் சந்துப் பக்கச் சன்னல் அலமாரியாகிறது, அல்லது திருட்டுப் பயத்தில் நிரந்தரமாகச் சாத்தப்படுகிறது. வரவேற்பறையில் ஏர்கோன் வந்தால் குசினியையும் அதையும் இணைக்கும் கதவு திறந்தே கிடக்கிறது. சமைத்த காற்று வெளியே போகாமல் வீட்டுக்குள் சுற்றுகிறது.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டட விதிகள் இதை முன்னமே நினைத்துப் பார்த்தவை. குடியிருக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் வேண்டும், குறைந்தது 5 விழுக்காடு தடையின்றிக் காற்றுக்குத் திறக்க வேண்டும். வரைபடத்தில் இருந்த அந்தத் திறப்பு, வீடு கைமாறிக் கைமாறிப் புதுப்பிக்கப்படும்போது மெல்ல மறைந்துபோகிறது.

தொடக்கத்தில் சொன்ன 22 லிட்டர் நீராவி எங்கே போகிறது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. மேற்கூரையில் பூஞ்சை, அலமாரிப் பலகையில் ஊறல், சுண்ணாம்பு உதிரும் மூலை. காற்றோட்டம் இல்லாத குசினிகளில் இவை தென்படும். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் டை ஆக்சைடும் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பூஞ்சையே ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பது தனி.

அடுப்பு மின்சாரமா கேஸா என்ற கேள்விக்கு முன்னால் மாக் மண்டின் வீடுகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சமைத்த காற்று எந்த வழியாக வெளியே போகிறது? இதற்குப் பதில் இல்லாத வீட்டில் அடுப்பை மட்டும் மாற்றினால் பாதிப் பிரச்சினைதான் தீரும். சட்டிக்கு மேலே எழும் புகை எந்த அடுப்பானாலும் எழும். கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010ல் சேர்த்தது. மிளகாய் வறுக்கும்போது வீடே இருமுகிறதே, அது கேஸின் குற்றம் அல்ல. இண்டக்ஷனில் வறுத்தாலும் இருமத்தான் செய்யும்.

இந்தப் புகைக்கு நேர் எதிரில் நிற்பவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து அடுப்பு மூட்டும் அம்மா, பேரப்பிள்ளைகளுக்குப் பகல் சமையல் செய்யும் பாட்டி, வீட்டிலேயே நாசி லெமாக் பொட்டலமும் பலகாரமும் செய்து விற்கும் அக்கா. இவர்களுக்கு அடுப்படி நாளில் பல மணி நேர வேலையிடம். தொழிற்சாலைக்குள் இப்படிப் புகை தங்கினால் அதற்குக் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. குசினிக்குக் கேள்வி கேட்க வீட்டில் உள்ளவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

26 வெள்ளி 60 காசும் மின்கட்டணமும்

இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் செலவு கூடுமா, குறையுமா? ஒரே விடை கிடையாது. வீட்டின் மின்பயன்பாட்டைப் பொறுத்தது.

14 கிலோ கேஸில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்கு இணையான சூடு இருக்கிறது. சுடரின் சூட்டில் பாதியளவே பாத்திரத்துக்குள் போகும். மீதி குசினியைத்தான் சூடாக்கும். இண்டக்ஷன் அடுப்பில் 85 விழுக்காடு வரை பாத்திரத்துக்குப் போகிறது. ஆக, ஒரு தோம்பு செய்யும் வேலையை ஏறத்தாழ 105 யூனிட் மின்சாரம் செய்துவிடும்.

2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையில் வீட்டுக்கு அடிப்படை யூனிட் விலை ஏறத்தாழ 44 காசு. குறைவாகப் பயன்படுத்துபவர்களுக்கு அதிலிருந்து ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது: 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு, பயன்பாடு ஏற ஏறக் கழிவு இறங்கும். கழிவு மொத்தப் பயன்பாட்டுக்கும் கணக்கிடப்படுவதால் படி தாண்டும்போது முழு பில்லும் ஏறுகிறது.

தனியாக வாழும் ஒரு பாட்டி மாதம் 80 யூனிட் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தோம்பளவு சமையலை இண்டக்ஷனுக்கு மாற்றினால் பயன்பாடு 185 ஆகும், பில் ஏறத்தாழ 20 வெள்ளி கூடும். தோம்பைவிட மலிவு. அதே தெருவில் 300 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் 405க்குப் போனால் கூடுதல் செலவு 50 வெள்ளியைத் தாண்டும். தோம்பின் விலையைப் போல் இரு மடங்கு. ஏர்கோன், தண்ணீர் சூடேற்றி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உள்ள வீட்டுக்கு முழு மாற்றம் கட்டுப்படியாகாது. மருத்துவர் ஆஸ்துமா என்று சொன்ன பிள்ளை அந்த வீட்டில் இருந்தால் மட்டும் கணக்கை வேறுவிதமாகப் போட வேண்டும்.

கேஸின் மலிவு விலைக்கு அரசுக் கருவூலம் கொடுக்கும் விலையும் இருக்கிறது. மானியத் தோம்பு வணிகத்துக்குப் போவதைத் தடுக்க 2025 மே மாதம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு ‘ஓப்ஸ் காசாக்’ என்ற சோதனை நடவடிக்கையைத் தொடங்கியது. 42 கிலோவுக்கு மேல், அதாவது மூன்று பெரிய தோம்புகளுக்கு மேல் வைத்திருக்கும் கடைகளுக்கு அனுமதி தேவை என்ற 2021ஆம் ஆண்டு விதி அப்போதுதான் பல ஒட்டுக்கடைக்காரர்களின் காதுக்கே எட்டியது. ரொட்டி சானாய் விலையும் மீ கோரேங் விலையும் ஏறும் என்ற கவலை எழுந்ததும், சிறு வியாபாரிகளுக்குத் தளர்வு உண்டு என்று அரசு அறிவித்தது. வீட்டுக் குசினிகள் இந்தச் சோதனைக்குள் வரவில்லை. ஆனாலும் 26 வெள்ளி 60 காசு என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பித் திட்டம் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

சுற்றுச்சூழல் கணக்கு இன்னும் சுவையானது. மாக் மண்டினிலிருந்து கொஞ்ச தூரத்தில், பிறையில், தெனாகா நேஷனலின் 1,071 மெகாவாட் மின்நிலையம் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. இண்டக்ஷன் அடுப்பில் சோறு பொங்கினாலும் எங்கோ கேஸோ நிலக்கரியோ எரியத்தான் வேண்டும். நவீன எரிவாயு நிலையத்தின் திறன், கம்பியில் கரையும் மின்சாரம், இண்டக்ஷனின் திறன் எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், எரித்ததில் பாதிதான் கடைசியில் பாத்திரத்துக்கு வருகிறது. கேஸ் அடுப்பின் கணக்கும் அதேதான். பூமிக்கு ஏறக்குறைய ஒரே பாரம். வேறுபடுவது எரியும் இடம். ஒன்று உயரமான புகைபோக்கியின் அடியில், கண்காணிப்புக் கருவிகளின் முன்னால் எரிகிறது. மற்றொன்று சமைப்பவரின் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் எரிகிறது.

இண்டக்ஷனால் ஆகாதவை

பொங்கலன்று மண்பானையும் வெண்கலப் பானையும் இண்டக்ஷனில் சூடாகா. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும்; அலுமினியக் குக்கரும் பித்தளை உருளியும் அலமாரிக்குப் போக வேண்டியதுதான். குழிந்த வாணலி தட்டையான கண்ணாடிமேல் உட்காராது. வார்ப்பிரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் சின்ன இண்டக்ஷன் தட்டில் நடுவில் மட்டும் முறுகும், ஓரம் வெளுத்திருக்கும். கத்தரிக்காய் சுட முடியாது, அப்பளம் வாட்ட முடியாது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு அடுக்கும் வீட்டில் பெரிய சட்டியும் இரட்டைச் சுடரும் இல்லாமல் வேலை ஓடாது. மின்சாரம் போனால் சமையலும் நிற்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை.

மறுபக்கம், சுடரே இல்லாததால் சேலை முந்தானையும் நைட்டி நுனியும் பற்றும் பயம் இல்லை. பால் வைத்துவிட்டு மறந்துபோகும் வயதானவர்களுக்குத் தானாக அணையும் அடுப்பு நல்ல துணை. குசினி வெக்கையும் குறைகிறது.

எல்லாச் சமையலும் ஒரே நாளில் மாற வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. மின்சார ரைஸ் குக்கர் வந்தபோது சோற்றுக் கஞ்சி வடிப்பது மட்டும் கேஸிலிருந்து சத்தமில்லாமல் விலகியது. அடுத்து, தண்ணீர் கொதிக்கவைப்பது, பருப்பு வேகவைப்பது, பால் காய்ச்சுவது, முட்டை அவிப்பது ஆகிய நீண்ட நேர வேலைகளை ஒரு ஒற்றை இண்டக்ஷன் தட்டுக்கு மாற்றலாம். வறுவலும் தாளிப்பும் சுடரிலேயே இருக்கட்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கேஸ் அடுப்புகளை மின் அடுப்புகளாக மாற்றிப் பார்த்த ஆய்வில், மூன்று மாதத்தில் குசினியின் நைட்ரஜன் டை ஆக்சைடு 51 விழுக்காடு குறைந்தது. சுடர் எரியும் நேரம் குறையக் குறைய அந்தத் திசையில்தான் வீடு நகரும்.

புகைமூட்டக் காலத்தில் இந்த ஒற்றைத் தட்டின் அருமை தெரியும். 2019 செப்டம்பரில் காற்று மோசமாகிப் பினாங்கில் பள்ளிகளை மூட நேர்ந்தது. அப்படிப்பட்ட நாளில் சன்னலைத் திறந்தால் வெளிப்புகை, சாத்தினால் அடுப்புப் புகை. ரைஸ் குக்கரும் இண்டக்ஷன் தட்டும் இருக்கும் வீடு, பொரிப்பதையும் வறுப்பதையும் தள்ளிவைத்து ரசமும் அவித்த காயுமாகச் சமாளித்துவிடும்.

எதை முதலில் செய்வது

கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது என்றால் அதை ரப்பர் குழாயிலும் ரெகுலேட்டரிலும் போட வேண்டும். மூச்சுக் கோளாறு ஆண்டுக்கணக்கில் வரும்; கேஸ் கசிவு ஒரு நொடியில் வரும். தோம்பு கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். காற்றில் 2 விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றிவிடும். அடுக்குமாடிகளில் தோம்பைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைக்கிறார்கள். அந்த அலமாரிக் கதவின் அடியில் திறப்பு வேண்டும். தோம்பு எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். குழாய் சிரிம் தரமுத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். விறைத்தாலும் வெடிப்பு விட்டாலும் காத்திருக்காமல் மாற்ற வேண்டும். புதுத் தோம்பு மாட்டியதும் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே போய் 999க்கு அழைக்க வேண்டும்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன, கேஸ் அரைகுறையாக எரிகிறது, கார்பன் மோனாக்சைடு கூடுகிறது என்று பொருள். பர்னர் மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து சன்னல். அடுப்பு மூட்டும் முன்பே திறந்து, அணைத்தபின் கால் மணி நேரம் அப்படியே விட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். அதன்பின் சுவரில் துளை போட்டுப் பொருத்தும் எக்சாஸ்ட் விசிறி. புகை உறிஞ்சி வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: உறிஞ்சிய காற்று குழாய் வழியாக வெளியே போகிறதா, வடிகட்டி மறுபடியும் உள்ளேயே விடுகிறதா? உள்ளேயே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடிக்காது. வெளியே விடும் வகையிலும் வேறுபாடு பெரிது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் வீடுகளில் பொருத்திய புகை உறிஞ்சிகளைச் சோதித்தபோது சில 15 விழுக்காட்டுக்கும் குறைவான புகையையே இழுத்தன, சில 98 விழுக்காட்டையும் தாண்டின. ஒரே கருவியின் கீழும் பின்வரிசை பர்னரில் சமைத்தால்தான் புகை நன்றாகச் சிக்கியது. காசே செலவில்லாத மாற்றம் இது: முன் பர்னரில் கொதிக்கும் குழம்பைப் பின் பர்னருக்குத் தள்ளுவது.

குசினியைப் பெரிதாக்க நினைக்கும் குடும்பங்கள் வேலை தொடங்கும் முன் செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த வரைபடத்தை வரைபவரிடம் பின் சுவரில் திறக்கும் சன்னலையும் எக்சாஸ்ட் துளையையும் அப்போதே குறிக்கச் சொல்லிவிடலாம். கூடவே அடுப்பு மேடைக்கு அருகில் இண்டக்ஷனுக்கென்று தனி 13 ஆம்பியர் பிளக் ஒன்றையும். செங்கல் எழும்பும் முன் இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். பளிங்கு ஒட்டி அலமாரி மாட்டிய பிறகு சுவரை உடைப்பதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.